கிணற்றுக்குள் பச்சைக் கல்

வேடசந்தூருக்குக் கிழக்கே முருங்கை பயிரிட்டிருக்கும் ஆவுடையப்பனுக்கு எதையும் தட்டிப் பார்த்த பின்னரே நம்பும் வழக்கம் உண்டு. தேங்காயைத் தட்டுவார், பானையைத் தட்டுவார், உட்காருமுன் பாறையையும் தட்டுவார். மகளுக்கு வரன் பார்க்கச் சென்ற இடத்தில் மாப்பிள்ளையை மட்டுமே தட்டாமல் விட்டார் என்பது ஊரார் பேச்சு.

இவ்வாண்டு கிணறு வற்றிற்று. முருங்கை இலையுதிர்க்கத் தொடங்கவே, கிணற்றை ஆழப்படுத்த வெடி வைக்கும் பிரான்சிஸை அழைத்தார். இரண்டொரு நாளில் அடியில் பச்சைப் பாறை தட்டுப்பட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது வாழைக்குருத்தின் நிறம் வந்தது. உள்ளே பொடிப்பொடியாய் மினுமினுப்பு. ஆவுடையப்பன் தட்டினார். வெண்கலம்போல் ஒலித்தது.

அவர் உண்டு திரும்புவதற்குள் மனைவி ராமுத்தாய் கிணற்றிலிறங்கி அதற்கு மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, வேப்பிலையும் சாத்திவிட்டாள். பிரான்சிஸ் மேலே பீடி புகைத்துக்கொண்டிருந்தான்.

"ஏப்பா, நீ வேதக்காரன். உனக்கென்ன?" என்றார் ஆவுடையப்பன்.

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. கூட வந்தவனுங்க இறங்க மாட்டேங்கிறானுங்க. ஆத்தா மேல வெடி வைக்கிறதான்னு கேக்குறானுங்க."

திண்டுக்கல்லில் நிலவியல் கற்பிக்கும் தம்பி மகள் தீபாவை ஆவுடையப்பன் வரவழைத்தார். அவள் உடைந்த சில்லொன்றை உருப்பெருக்கியில் பார்த்தாள்.

"இது குவார்ட்சைட், பெரியப்பா. முன்ன வெறும் மணலா இருந்துச்சு. பூமிக்குள்ள அமுங்கி, வெந்து, மணலோட மணல் ஒட்டி ஒரே கல்லாயிருச்சு. குரோமியம் கலந்த அப்ரகம், அதான் காக்காப்பொன்னு, இருக்கிறதால பச்சை."

ஆவுடையப்பன் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டியா? மணலு!"

"எம்புட்டுக் காலமாச்சாம்டி?" என்றாள் ராமுத்தாய்.

"கோடிக்கணக்கான வருஷம், பெரியம்மா."

"அம்புட்டுக் காலம் மண்ணுக்குள்ள வெந்து கிடந்தவளத்தான் இவரு வெடி வச்சு எழுப்பப் போறாராக்கும்!"

தீபா சில்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

இரண்டு பொட்டலங்களில் பூக்கட்டி, ஒன்றை எடுத்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் ஆத்தாளின் உத்தரவு. சிவப்பு வந்தால் வெடி கூடாது. பொட்டலம் கட்டும் பொறுப்பை ஆவுடையப்பன் தாமே ஏற்று, இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்தார். பக்கத்துத் தோட்டத்து முனீஸ்வரி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

ராமுத்தாய் சண்டையிடுவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவளோ கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாளே சரின்னுட்டா. அப்புறம் நான் யாரு?"

மீண்டும் கிணற்றிலிறங்கி, தன் முந்தானையாலேயே மஞ்சளைத் துடைத்தெடுத்து, "கோவிச்சுக்காத தாயி" என்று கல்லிடம் சொல்லிவிட்டு ஏறி வந்தாள். ஆட்கள் தயக்கமின்றி இறங்கினார்கள்.

"வெடிக்குக் குழி போட்டுரவாண்ணே?" என்று பிரான்சிஸ் கேட்டான்.

பிரிக்காத மற்றொரு பொட்டலம் ஆவுடையப்பனின் மடியில் இருந்தது. அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஈரத்தில் கல் பச்சையாகவே இருந்தது.

"வேண்டாம் பிரான்சிஸ். ஆளுங்கள மேல வரச் சொல்லு. முருங்கைய வெட்டிட்டு, மழைய நம்பிச் சோளம் போட்டுக்கிறேன்."