சேர்த்துக் கொடுத்த தலைக்கயிறு

அந்த மத்தியானம் சோய்ஜிலின் மரவீட்டுக்குள் இருந்தவர்கள்: குதிரையை விற்றாக வேண்டிய சோய்ஜில். அடுப்படியில் குனிந்தபடி, யார் முகத்தையும் பார்க்காமல் உப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவன் மனைவி ஹந்தா. கூப்பிடாமலே வந்து ஆட்டுத் தொடையைச் சுரண்டிக்கொண்டிருந்த பக்கத்துப் பட்டிக்காரன் யொந்தோன். குதிரை வாங்க வந்த லாரி ஓட்டுநர் நோரோவ். அவனுக்காகக் குதிரையைப் பார்த்துச் சொல்ல வந்த அவன் அக்கா துல்மா. வெளியே கட்டுத்தறியில் வெள்ளைக் குதிரை.

துல்மாவின் புருஷன் தம்தின் வரவில்லை. இடுப்பு ஒடிந்தவன் சேணத்தில் ஏற முடியாது. ஒடியக் காரணமான சோய்ஜில்தான் இப்போது அவளுக்கு மூக்குப்பொடிக் குப்பியை நீட்டிக்கொண்டிருந்தான்.

அவள் வாங்கி, முகர்ந்து, திருப்பிக் கொடுத்தாள். வந்த வேலை முடியும்வரை மரியாதையில் குறை வைப்பதாக இல்லை.

"தம்தின் எப்படி இருக்கான் தங்கச்சி?"

"உக்காந்திருக்கான்."

"என்ன செய்ய, நேரம். குதிரைன்னா தள்ளத்தான் செய்யும்."

"தம்தினைத் தேநீர்கூடத் தள்ளிவிடும்" என்று யொந்தோன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணமான வருடம் சோய்ஜிலிடம் ஒரு செம்பழுப்புக் குதிரை வாங்கினார்கள். சேணத்தின் வயிற்றுவார் படும் இடத்தில் ஒரு மரு இருந்தது. உண்ணி கடித்தது என்றான். வால்மயிரால் சுருக்குப் போட்டு இறுக்கினால் தானே விழுந்துவிடும் என்றான். தம்தின் அப்படியே செய்தான். விழுந்தது. விழுந்த இடத்தில் முன்னைவிடப் பெரிதாக முளைத்தது, கிழித்துப்போட்ட ஈரல்போல, தொட்டால் ரத்தம். பனி உருகும் காலத்தில் ஆற்றைத் தாண்டும்போது வார் அதன்மேல் இறுகியது. குதிரை அவனைக் கற்களின்மேல் வீசிவிட்டுப் போனது.

அதற்கெல்லாம் கெட்ட நேரம் என்று பேர் வைத்தார்கள். துல்மாவும் கொஞ்ச காலம் அப்படித்தான் வைத்திருந்தாள். பிறகு, புருஷனைப் படுக்கையில் புரட்டிப் போடுகிற வேளைகளில், தலைக்கயிறு நினைவுக்கு வந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் குதிரையை விற்பவன் தலைக்கயிற்றைக் கழற்றித் தன்னோடு வைத்துக்கொள்வான். வாலில் இரண்டு மயிரும் பிடுங்கிக்கொள்வான். குதிரைதான் விற்பனைக்கு, அதோடு வந்த யோகம் வீட்டிலேயே நிற்க வேண்டும். சோய்ஜில் கழற்றவில்லை. வெள்ளி வளையம் வைத்த தலைக்கயிறு. "புதுக் குடித்தனம், இருக்கட்டும்" என்று அப்படியே விட்டான். இவர்கள் வெள்ளியைப் பார்த்தார்கள். இளித்துக்கொண்டு வாங்கி வந்தார்கள். அந்தக் குதிரையின் வாடைகூடத் தன் வீட்டில் தங்கக்கூடாது என்று நினைக்கிறவன்தான் அப்படிக் கொடுப்பான் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

இதை யாரிடமும் சொல்ல முடியாது. வெள்ளியைத் தானமாகக் கொடுத்தவனைக் குறை சொல்கிறாள் என்பார்கள். அவன் இன்னொரு முறை செய்ய வேண்டும், ஆள் பார்க்கச் செய்ய வேண்டும். ஒரு வெள்ளைக் குதிரையை அவன் அவசரமாக விற்கப் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டதும் தம்பியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். புது வருடத்துக்குப் பெண் வீட்டுக்குக் குதிரையில் போக வேண்டுமென்று அவனுக்கு ஆசை. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

எல்லோரும் வெளியே போனார்கள். துல்மா குதிரையின் வாலைத் தூக்கினாள். அடியில் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள்.

"என்னக்கா இது?"

"ஆட்டுப் புழுக்கை ஒட்டிக்கிச்சு மாப்ளே" என்றான் யொந்தோன். "தொடைச்சு விடு, போயிடும்."

சோய்ஜில் பதறவில்லை. "வெள்ளைக் குதிரைக்கு வயசு ஏறினா வால்கீழ கட்டி வரத்தான் செய்யும். எங்கப்பன் குதிரைக்கும் இருந்துச்சு. கட்டியோட கிழடாகி, கட்டியோடவே செத்துச்சு. துல்மாவுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்த மட்டில் அவன் பொய் சொல்லவில்லை. கட்டியோடு பல வருடம் உழைக்கும் வெள்ளைக் குதிரைகள் உண்டு. அவள் கையைத் தாடைக்கீழே விட்டாள். அங்கே ஒரு தழும்பு, தழும்பைச் சுற்றிக் கல்போல் புதுக் கட்டிகள். அறுத்துப் பார்த்திருக்கிறான்.

"இது?"

"வேலிக்கம்பி கிழிச்சது."

"ஓ."

நோரோவ் அவள் காதருகே வந்தான். "வேண்டாம்க்கா. மாமனார் வாலைத் தூக்கிப் பாத்தாருன்னா என் மானம் போயிடும்."

"வாங்குறோம்" என்றாள் துல்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. தம்பி வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் சோய்ஜில் சாராயம் ஊற்றினான். முகம் தெளிந்திருந்தது. துல்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"கட்டிய நானே பாத்துட்டேன் அண்ணே. நாளைக்கு வந்து குறை சொல்ல மாட்டேன். தம்பி சொந்தத் தலைக்கயிறு கொண்டுவந்திருக்கான். உன்னோடதக் கழட்டிக்கோ."

அவனுக்கு இதைவிட நல்ல வழி யாரும் விட மாட்டார்கள். எழுந்துபோய்க் கழற்றியிருந்தால் முடிந்தது. அவன் ஹந்தாவைப் பார்த்தான். ஹந்தா அடுப்பில் எருவைத் திணித்தபடி, தலையை மட்டும் லேசாக ஆட்டினாள். கூடாது என்று.

"இருக்கட்டும் தங்கச்சி. மாப்பிள்ளையாப் போறவன். கயிறு என்ன பெரிய கயிறு."

யொந்தோனின் கத்தி எலும்பில் நின்றது.

துல்மா அங்கியின் மார்புக்குள் கையை விட்டாள். பழைய தலைக்கயிற்றை எடுத்து, மாமிசத் தட்டின்மேல் போட்டாள். வெள்ளி வளையம் தட்டில் மோதியது.

"இதையும் இப்படித்தான் கொடுத்தே."

துல்மா யொந்தோன் பக்கம் திரும்பினாள்.

"யொந்தோன் அண்ணே, நீ எத்தனையோ குதிரை வித்தவன். கயித்தோட வித்திருக்கியா?"

"நானா?" யொந்தோன் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தான், தட்டுக்குத் தூரமாக. "நொண்டிக் குதிரையக்கூட அப்படிக் கொடுக்க மாட்டேன்."

"அந்த மரு என்னன்னு எனக்கு அப்ப தெரியாது" என்றான் சோய்ஜில். "சத்தியமாத் தெரியாது."

"மரு தெரியாம இருக்கலாம். கயிறு தெரியாதா?"

சோய்ஜிலின் முகத்தில் இருந்த தெளிவு வடிந்துவிட்டது. தம்தின் விழுந்த நாளிலிருந்து அவள் பார்க்க நினைத்த முகம் அதுதான். நிதானமாகப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப குதிரை?" என்றான் நோரோவ்.

"இந்த வீட்டுல இருந்து நாம எதையும் எடுத்துட்டுப் போகல. இவங்களோடதக் கொண்டுவந்து விட்டாச்சு. கிளம்பு."

அப்போதுதான் ஹந்தா எழுந்தாள். தட்டில் கிடந்த கயிற்றைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அந்த வெள்ளை வந்ததுல இருந்து சினைக்குதிரை ஒண்ணொண்ணுக்கும் கரு கலைஞ்சுது. கயித்தோட தொலைச்சுட்டு வான்னேன். நீ பழசையும் வீட்டுக்குள்ள வரவழைச்சிருக்கே. அதை எடு. எடுத்துட்டு வெளிய போ."

"வெளிய எங்க போறது? பனி—"

"லாமா வந்து புகை போட்டு வீட்டைச் சுத்தம் பண்ணட்டும். அப்புறம் வா."

"லாமா கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கார்டீ. புது வருஷம் கழிச்சுத்தான் வருவார்."

"அப்ப கழிச்சு வா."

யொந்தோன் தின்ற மாமிசத்தைப் பாதியில் விட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினான். ஆற்றோரம் இருக்கும் கூடாரங்கள் பக்கம் குதிரையை விரட்டினான். இருட்டுவதற்குள் ஒரு கூடாரம் விடாமல் போய்விடும் விஷயம். இனிச் சோய்ஜில் ஒரு குதிரையை விற்க நீட்டினால் வாலைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் அவன் முகத்தைப் பார்ப்பார்கள்.

நோரோவ் இரவலாக வாங்கி வந்த குதிரையில் ஏறினான். துல்மாவும் ஏறினாள். ஆனால் கிளம்பவில்லை.

"வாக்கா."

"போ. வர்றேன்."

சோய்ஜில் வாசலுக்கு வந்தான். கையுறை இல்லை. வெள்ளி வளையம் விரலில் தொங்கியது. துல்மாவைப் பார்த்தான், வெள்ளைக் குதிரையைப் பார்த்தான், ஏதோ கேட்க வீட்டுப் பக்கம் திரும்பினான். அவன் மூக்குக்கு நேராகக் கதவு சாத்திக்கொண்டது. துல்மா கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தாள், உள்ளே இரும்புத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை.