கயிறு இழுக்காத லைனுக்குக் கேக்

மாதக் கடைசி வந்தால் ஆலையில் கேக் வெட்டுவார்கள். அந்தக் கேக்கைப் பார்த்தாலே வேதாவுக்குக் குமட்டிக்கொண்டு வரும். பிறந்தநாளா, பண்டிகையா? ஒரு மண்ணும் இல்லை. எந்த உற்பத்தி லைனில் அந்த மாதம் ஒரு தடவைகூடக் கயிறு இழுபடவில்லையோ, அந்த லைனுக்குச் செய்கிற மரியாதை. கண்றாவி.

செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் சமையல் காஸ் ரெகுலேட்டர் செய்கிற ஆலை அது. குகட்பள்ளியில் குடியிருக்கும் மதுரைக்காரி வேதா அங்கே தர மேலாளர். லைனுக்கு மேலே நெடுகக் கயிறு கட்ட வைத்தவளே அவள்தான். கோளாறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். லைன் நின்றுவிடும். ஏன் வந்தது என்று பார்த்துச் சரிசெய்த பிறகுதான் மறுபடி ஓடும். இழுத்தவரைத் திட்டக் கூடாது, நன்றி சொல்ல வேண்டும். மேலாளர்களுக்கு அவள் எடுக்கிற வகுப்பின் சாரமே இவ்வளவுதான்.

ஆலைத் தலைவர் தியாகுவுக்கு அது தலைகீழாக ஏறியது. கயிறு இழுபடவில்லையா, அப்படியானால் கோளாறே இல்லை என்று முடிவுகட்டிக் கேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? வேதா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கேக்குக்கு ஆசைப்பட்டோ தியாகுவுக்குப் பயந்தோ லைனில் வேலை செய்கிற பெண்கள் இழுக்காமல் இருக்கிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு வாரமும் லைனுக்குப் போய், "பயப்படாம இழுங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு வருவாள்.

அன்று புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர்களுக்கு வகுப்பு. பாதியில் அவர்களை லைனுக்கே கூட்டிப்போனாள். கடைசி இடத்தில் தண்ணீர்த் தொட்டி. பத்தில் ஒரு ரெகுலேட்டரைக் காற்றடைத்து அதில் முக்கிப் பார்ப்பார்கள், குமிழி வந்தால் ஒழுக்கு. அங்கே நின்றிருந்தவள் ஸ்டெல்லா, செகந்திராபாத் ரயில்வே காலனிப் பெண். அவள் முக்கிப் பார்த்த ரெகுலேட்டரில் குமிழி கொப்பளித்தது. அதை எடுத்துக் காலடிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் குமிழி. பெட்டி ஏற்கெனவே நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. முக்காமல் போன மிச்சமெல்லாம் பேக் ஆகி வெளியே லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. யார் யார் அடுப்படிக்குப் போகப் போகிறதோ.

 ஏன் இழுக்கவில்லை என்று வேதா கேட்டாள். ஸ்டெல்லா பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள், அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேதா தானே எட்டிக் கயிற்றை இழுத்தாள்.

லைன் நிற்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். கயிறு மொத்தமாக அறுந்து தோளில் விழுந்தது. மேலே அது ஒரு ஆணியில் வெறுமனே முடிந்திருந்தது. சுவிட்சுக்குப் போக வேண்டிய ஒயரைக் கத்தரித்து, நுனிக்கு டேப் சுற்றி, அழகாக மடித்து வைத்திருந்தார்கள். சீ. இதைவிடக் கயிறே கட்டாமல் இருந்திருக்கலாம்.

அவள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். சத்தம் அடங்கியதும் தியாகு வந்துவிட்டார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"ஆரம்பத்துல எந்நேரமும் லைன் நின்னுட்டே இருந்துச்சுங்க. பழகற வரைக்கும் இருக்கட்டும்னு நாந்தான் கழட்டச் சொன்னேன். இப்ப அதுக்கென்னுங்க?"

அதுக்கென்னவாம். வேதாவுக்கு அந்த ஆளின் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அதற்கு மேலே கேக்கும் வெட்டியிருக்கிறார். லாரி போகட்டும், புகார் வந்தால் மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று வேறு சொன்னார். காஸ் ஒழுகுகிற வீட்டில் புகார் கொடுக்க ஆள் மிஞ்ச வேண்டாமா?

"நான் கையெழுத்துப் போடாம லாரி கேட்டைத் தாண்டாது சார். போட மாட்டேன். அத்தனையையும் இறக்கச் சொல்லுங்க."

சூப்பர்வைசர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை கண்களுக்கு முன்னால் தியாகு என்ன சொல்வார்? முணுமுணுத்துக்கொண்டே போனார். லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கத் தொடங்கின. எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஒயரைச் சேர்க்க ஏறினார்.

அப்போதுதான் வேதா ஸ்டெல்லாவிடம் மெல்லக் கேட்டாள், இவ்வளவு நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று.

ஸ்டெல்லா சொன்னாள். "ஒருக்கா ஒழுக்கு வந்தப்போ இழுத்தோம் மேடம். நிக்கல. அப்புறம் நீங்க வந்து இழுங்க இழுங்கன்னீங்க. உங்களுக்கும் தெரிஞ்சுதான் சொல்றீங்க, ஆபீசர்ங்க எல்லாம் ஒண்ணுதான்னு விட்டுட்டோம்."

வேதாவின் வாய் கசந்தது. தியாகுவின் மேல் துப்ப வைத்திருந்த காறல் தன் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வாரா வாரம் வந்து தைரியம் சொன்னாளே, ஒரே ஒரு தடவை தன் கையால் அதை இழுத்துப் பார்த்தாளா? பேசினாள், போனாள். இந்தப் பெண்கள் தன்னை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

எலக்ட்ரீஷியன் இறங்கி, ஆயிற்று என்று தலையாட்டினார். கயிற்றை மறுபடி கட்டி, இழுத்துப் பார்ப்பதற்காக மட்டும் லைனைக் காலியாக ஓடவிட்டார்கள்.

"இப்போ நீயே இழுத்துப் பாரு ஸ்டெல்லா" என்றாள் வேதா.

ஸ்டெல்லா கயிற்றை அண்ணாந்து பார்த்தாள். ஈரக் கைகளைத் துடைத்து ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"நக்கோ மேடம், வேணாம்" என்றாள்.