மூட்டைகள் ஏறும் வழி

பொரித்த மீன் கடை மாடியில் இருந்தது. அதற்கு இருபத்து மூன்று படிகள். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருத்தி அங்கே எப்படிப் போவது? எங்கள் மூவருக்கும் விடை தெரியவில்லை.

மூவர் என்றால், பள்ளிக்கூட நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட மூன்று பெண்கள். நான் வெல்டர். இரண்டாமவள் நர்ஸ்; அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர் வைத்தது வேலைக்காக அல்ல, வாய்க்காக. மூன்றாமவள் நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுகிறவள், ஆகவே ‘டைம்டேபிள்’. மாதத்தின் முதல் ஞாயிறு சந்தைக்கு வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் தின்றுவிட்டு, மாடியில் மீனோடு முடிப்பது எங்கள் வழக்கம். டைம்டேபிளுக்கு நடந்த விபத்தால் அது எட்டு மாதம் நின்றுபோயிருந்தது. இன்றுதான் மறுபடியும் வந்திருந்தோம்.

காலையிலிருந்து எல்லாம் நன்றாகவே போயிற்று. சுட்ட சோளம், அன்னாசித் துண்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி. இப்போது படியடியில் நின்றோம். மேலேயிருந்து மீன் வாசனை இறங்கி வந்து மூக்கைக் கிள்ளியது.

“நாங்க ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு தூக்கிடுறோம்மா,” என்றார்கள் அங்கே நின்ற இரண்டு பேர். நல்ல மனசுதான்.

“தூக்கிட்டுப் போக நான் என்ன வெங்காய மூட்டையா?” என்றாள் டைம்டேபிள். அவர்கள் போனதும் எங்களிடம் திரும்பினாள். “பேங்க்ல ஒரு தடவை நாலு பேர் தூக்கினாங்கடி. கண்ணாடிக் கதவு வழியா தெருவே வேடிக்கை பார்த்துச்சு. இங்கயும் அப்படித்தான்னா இனிமே நான் வரல. நீங்க ரெண்டு பேரும் பார்சல் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க, போதும்.”

ஊசி வாயே திறக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“நான் ஒரு இரும்புச் சரிவு அடிச்சுத் தர்றேன்,” என்றேன். சொன்ன பிறகுதான் அளவு பார்த்தேன். ஒரு படி ஒரு சாண் உயரம் என்றால்கூட, இருபத்து மூன்று படிக்கு நாலு மீட்டருக்கு மேல் வரும். கையால் உருட்டி ஏற வேண்டுமானால், ஒரு மீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளமாவது சரிவு வேண்டும். என் சரிவு சந்தின் வாய்வரை வந்து, எதிர்ச்சாரிச் செருப்புக் கடைக்குள் நுழைந்திருக்கும்.

“அங்கேயே செருப்பும் வாங்கிக்கலாம்,” என்றாள் டைம்டேபிள். சிரிக்கவில்லை. படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: “இந்தப் படியோட விளிம்பெல்லாம் எப்படி இருக்கு, பாரு.”

குனிந்து தடவினேன். நடுவில் கால் பட்டுத் தேய்ந்திருந்தது. ஆனால் விளிம்பு கூராக இருந்தது. எங்கும் சில்லு பெயரவில்லை.

“மேல கேஸ் சிலிண்டர் வேணும், எண்ணெய் டின் வேணும், ஐஸோட மீன் பெட்டி வேணும்,” என்று விரல் மடக்கினாள். “அதெல்லாம் தினமும் இதுல ஏறினா விளிம்பு இப்படியா இருக்கும்?”

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். சிலிண்டர் உருண்ட கல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் பட்டறை வாசல்படியே பல் விழுந்த கிழவி வாய் மாதிரி இருக்கிறது.

“அப்போ சரக்கு வேற வழியா போகுது,” என்றேன்.

பக்கத்து மசாலாக் கடைக்காரரைக் கேட்டோம். “வேற வழியா? இருபது வருஷமா இங்க இருக்கேன், படி மட்டும்தாம்மா.” அவர் பொய் சொல்லவில்லை. கால் இருக்கிறவருக்கு இன்னொரு வழி தேவைப்படவே இல்லை, அவ்வளவுதான்.

அப்போது நான்கு சக்கரத் தள்ளுவண்டியில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு ஒருவர் வந்தார். டைம்டேபிள் நாற்காலியைக் குறுக்கே நிறுத்தினாள்.

“அண்ணே, மீன் கடைக்கு ஐஸ் பெட்டி எப்படிப் போகுது?”

“வண்டியிலதான்.”

“வண்டி எப்படி ஏறுது?”

“பின்பக்கச் சரிவுல. இந்த மூட்டையே அங்கதான் போகுது. பின்னாடியே வாங்க தங்கச்சி.”

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்,” என்றாள் ஊசி. அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

காய்கறிச் சந்து வழியாகப் போனோம். அது லேசாக மேடேறிக்கொண்டே போனது. அப்போதுதான் புரிந்தது. சந்தைக் கட்டிடம் ஒரு மேட்டின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. முன்தெருவுக்கு மாடியாக இருப்பது, பின்தெருவுக்குக் கிட்டத்தட்டத் தரை. மிச்ச உயரத்துக்கு மட்டும் சிமென்ட் சரிவு, நடுவில் ஒரு வளைவோடு.

வழியில் சாக்கடைக்கு இரும்புக் கம்பி மூடி. வண்டிக்காரர் நேராகப் போகாமல் கோணலாகக் கடந்தார். “நேரா போனா சின்னச் சக்கரம் கம்பி சந்துல மாட்டிக்கும். குறுக்கால வாங்க.” அவளும் குறுக்காலே வந்தாள். சக்கரம் இரண்டு கம்பிகளின் மேல் ஒரே நேரத்தில் படிவதால் இடுக்கில் இறங்காது.

சரிவின் அடியில் அவர் திரும்பிப் பார்த்தார். “கை கொடுக்கவா?”

“வேணாம்ணே. முன்னாடி போங்க.”

அவள் ஏறினாள். தள்ளு, பிடி, மூச்சு. தள்ளு, பிடி, மூச்சு. ஊசியின் கை தானாக நாற்காலியின் பிடிக்குப் போனது. அந்தக் கையை நான் பிடித்து என் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். வளைவில் ஒரு சமதளம். வண்டிக்காரர்கள் சுமையோடு இளைப்பாறும் இடம். அவளும் நின்றாள். பின்னால் எண்ணெய் டின்களோடு இன்னொரு வண்டி வந்து நின்றது; அதன் பின்னால் மாவு மூட்டை. யாரும் உச்சுக்கொட்டவில்லை.

“என்னய்யா நிக்குது?” என்று மாவுக்காரர் கத்தினார்.

“முன்வண்டி மூச்சு வாங்குது, இருய்யா!” என்றார் எண்ணெய்க்காரர்.

முன்வண்டி! டைம்டேபிளின் முதுகு நிமிர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். மீதிச் சரிவை ஒரே மூச்சில் ஏறினாள். மேலேயிருந்து காலி வண்டியோடு இறங்கியவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும், அங்கே அதுதான் சட்டம். ஊசிக்குக் கண் கலங்கிவிட்டது. “வெங்காயக் காத்து,” என்றாள். அங்கே வெங்காயமே இல்லை.

சமையலறைப் பின்கதவில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன சரக்கு?”

“பசி,” என்றாள் டைம்டேபிள். “மூணு தட்டு.”

ஜன்னலோரம் எங்கள் பழைய மேஜை. ஒரு நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவள் தன் நாற்காலியை நிறுத்தினாள். உள்ளங்கை சிவந்திருந்தது, அந்தக் கையாலேயே மீனைப் பிட்டாள். பாதி தின்றதும் விரலைத் துடைத்து, கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, அட்டவணை போடுகிற அதே கையெழுத்தில் எழுதி எங்களிடம் நீட்டினாள்:

“படி இல்லாத வழியைக் கடைக்காரரிடம் கேட்காதே. சுமை வண்டிக்காரரிடம், சரக்கு எப்படி உள்ளே வருகிறது என்று கேள். அவர் வண்டி நாற்காலியைவிட அகலம், என்னைவிடக் கனம். அது போகிற இடத்துக்கெல்லாம் நாற்காலி போகும்.”