எச்சமும் மிச்சமும்

புள்ளியியல் புத்தகங்களில் அதன் பெயர் எச்சம். வெளியில் எவ்வளவு குளிர், என்ன கிழமை, எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வைத்து ஒரு கட்டடம் இன்று இவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கணினி கணிக்கிறது. மீட்டர் வேறொன்றைக் காட்டுகிறது. மீட்டரிலிருந்து கணிப்பைக் கழித்தால் நிற்பது எச்சம்.

கட்டடங்களின் மின்சாரக் கணக்கைப் பார்க்கும் வேலையிலிருந்த அவள் அந்தச் சொல்லைப் போட்டு முதல் அறிக்கையை அனுப்பியபோது நீச்சல்குளத்தின் மேலாளர் போன் செய்து, "எங்க கூரையில புறா உட்கார்றது உன் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். மேலாளர் அவளுடைய அண்ணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவாள். கணக்கு சிரித்துவிட்டு, அடுத்த அறிக்கையிலிருந்து அந்தப் பத்தியின் தலைப்பை 'மிச்சம்' என்று மாற்றினாள்.

அந்த மாற்றம் என்ன செய்திருக்கிறது என்று நிர்வாகக் குழு கூடவிருந்த நாளன்று காலையில்தான் தெரிந்தது.

"குழுத் தலைவர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன் கணக்கு," என்றாள் அண்ணி போனில். "மிச்சம் ஏறியிருக்கு, சின்னக் குளத்தைப் பத்தி இனிமே பேசாதீங்கன்னு. மனுஷன் வாயடைச்சுப் போயிட்டாரு. வாழ்த்து வேற சொன்னாரு."

"என்ன ஏறியிருக்குன்னு சொன்னீங்க?"

"மிச்சம்தான். நீதானே போட்டிருக்க?"

கணக்கு நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அங்கேயே இருங்க அண்ணி. வர்றேன்."

அந்தக் கட்டடத்தில் இரண்டு குளங்கள். பெரியது நீந்துகிறவர்களுக்கு. சின்னதில் தண்ணீரை எப்போதும் வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். இடுப்பு அறுவை முடிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் அதில் இறங்கிக் கை கால்களைப் பழக்குவார்கள். தரையில் இடது கையை அசைக்கக்கூட முடியாத ஒரு தையல்காரர் அந்தத் தண்ணீருக்குள் தோள்வரை தூக்குவார். மின்சாரச் செலவு எதிர்பார்த்ததைத் தாண்டினால் சின்னக் குளத்தை மூடுவது என்று குழு முடிவெடுத்திருந்தது.

அண்ணியின் அறைக்கும் சின்னக் குளத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அதில் நீராவி படிந்திருந்தது. கணக்கு மடிக்கணினியைத் திறந்து விளக்கினாள்.

"அப்போ மிச்சம்னா…"

"கூடுதலா எரிச்சது. சேமிச்சது இல்ல."

அண்ணி திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "கூட செலவானதை மிச்சம்னு எழுதறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்."

"எச்சம்னுதான் எழுதினேன். நீங்கதான் புறான்னு சிரிச்சீங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லாம விட்டா என்ன?" அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "அந்தத் தலைப்பை யாரு தோண்டிப் பார்க்கப் போறாங்க? நான் சொன்னது சொன்னபடி இருக்கட்டும். நீ வாயைத் திறக்காதே."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தையல்காரர் கையை மெல்ல உயர்த்திக்கொண்டிருந்தார். எண்கள் பொய் சொல்லவில்லை. அவள் போட்ட தலைப்புதான் சொல்லியிருந்தது.

"அடுத்த மாசமும் இப்படித்தான் இருக்கும் அண்ணி. அப்போ குளத்தை மூடுவாங்க. நீங்க இனிமே எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

அண்ணி எழுந்துபோய்க் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாள். "முன்னெல்லாம் இது இப்படி வேர்க்காது," என்றாள், யாரிடமும் சொல்லாதது போல.

கணக்கு திரையைப் பக்கவாட்டில் திருப்பினாள். "இதைப் பாருங்க. மெஷின் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போனா கோடு சரிவா ஏறும். இது ஒரே நாள்ல படி மாதிரி ஏறி அப்படியே நிக்குது. அதுவும் ராத்திரி எல்லாரும் போன பிறகுதான் கூடுது, பகல்ல இல்ல. யாரோ எதையோ மாத்தியிருக்காங்க. என்னன்னு இந்தக் கணிப்பு மாடலுக்குத் தெரியாது. முன்ன மாதிரி இல்லைன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

அண்ணி கோடு ஏறிய தேதியைப் பார்த்தாள். பிறகு குளத்தின் மூலையில் சுருண்டு கிடந்த நீலப் பிளாஸ்டிக் விரிப்பைப் பார்த்தாள். எல்லோரும் போனபின் தண்ணீரின் மேல் இழுத்து மூடுகிற விரிப்பு. அங்கே அதற்குப் 'போர்வை' என்று பெயர்.

"காவலாளிக்கு அதை இழுத்து முதுகு பிடிச்சுக்கிச்சு," என்றாள். "பாவமா இருந்துச்சு. போர்வை வேண்டாம், விட்டுடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

திறந்து கிடந்த தண்ணீர் இரவெல்லாம் ஆவியாகியிருக்கிறது. ஆறிய நீரைச் சூடாக்க இயந்திரம் விடியும்வரை ஓடியிருக்கிறது.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அவர் கூட்டத்தைத் தொடங்குவதற்குள் அண்ணி எழுந்துவிட்டாள். நேற்று சொன்னது தவறு, மிச்சம் என்று சொன்னது கூடுதல் செலவு என்றாள். போர்வையை நிறுத்தச் சொன்னது தான்தான் என்றும் சொன்னாள்.

"அப்போ நான் வாழ்த்தினதைத் திருப்பி வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்குங்க சார்."

தலைவர் கணக்கின் பக்கம் திரும்பினார். "போர்வைதான் காரணம்னு உங்க மாடல் உறுதியா சொல்லுதா?"

அண்ணி அவளைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"சொல்லாது சார். மறுபடி போட்டுப் பார்த்தா, கோடு இறங்குதா இல்லையான்னு சொல்லும்."

தலைவர் பேனாவை மூடினார். "அடுத்த கூட்டம் வரைக்கும் போட்டுப் பாருங்க. இறங்கலன்னா சின்னக் குளத்தை மூடிடலாம்."

"போர்வையைச் சுத்தி இழுக்கறதுக்கு ஒரு உருளை வேணும் சார்," என்றாள் அண்ணி.

"முதல்ல இறங்கட்டும்."

அன்று மாலையே கடைசி ஆள் வெளியேறியதும் அண்ணி ஒரு முனையையும் கணக்கு மறுமுனையையும் பிடித்தார்கள். போர்வை பாதி வழியில் கோணிக்கொண்டது. காவலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இடது பக்கம்மா, இடது," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். மனைவியை அழைத்துப்போக வந்த அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. சட்டை முழுவதும் நனைந்தபின், "கணக்கு எழுதற வேலைன்னு சொல்லித்தானே இதுல சேர்ந்தே?" என்று தங்கையைக் கேட்டான்.

அடுத்த வாரம் ஒரு நாள் குளத்தை மூடுகிற நேரத்தில் அண்ணி போன் செய்தாள்.

"எவ்வளவு?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. பூஜ்யத்தையே சுத்திச் சுத்தி வருது."

"இந்த வாரம் குளிர் கம்மி. அதனால இருக்குமோ?"

"குளிரை அது முதல்லயே கணக்குல எடுத்துக்கும். இது போர்வைதான் போலிருக்கு. இன்னும் சில வாரம் பார்க்கணும்."



"அந்தத் தலைப்பை என்ன பண்ணினே?"

"'கூடுதல் செலவு'ன்னு போட்டிருக்கேன்."

"இதை முதல்லயே போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?" தூரத்தில் காவலாளி இடது, இடது என்று சொல்வது கேட்டது. "வை, அப்புறம் பேசறேன். இழுக்கணும்."