வால் குட்டையான ராஜா

1

இந்தக் கதை ஒரு களிமண் பொம்மை குப்புற விழுந்ததில் தொடங்கியது. ஆவடி, தொழிற்சாலைக் குடியிருப்பு, 1994 நவராத்திரி. மற்றதெல்லாம் நான் பிசைந்தது.

முதலில் இப்படி எழுதினேன்: ‘பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், முதுகில் தட்டுகளோடு ஸ்டெகோசாரஸ்...’

அங்கிருந்து ஆவடிக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

2

ஆகவே வனஜா. விலங்கியல் பட்டதாரி. கூச்சக்காரி. (என்னைப் போலவா என்று கேட்காதீர்கள். அவள் என்னைவிட உயரம்.) முகப்பேரில் ஒரு பள்ளி ஆசிரியை வேலைக்கான நேர்முகத்தில், பதில் தெரிந்தும், பெயரைத் தவிர எதுவும் சொல்லாமல் வந்தவள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ஜெகதாம்பாள் இன்று கொலு பார்க்க வருகிறார். இன்னொரு வாய்ப்பு.

வனஜா வீட்டுக் கொலுவில் ஒரு படி முழுக்க அவளே களிமண்ணில் செய்த டைனோசர்கள். நடுவில் டைரனோசாரஸ் ராஜா. வாலைத் தரையில் இழுத்தபடி நிற்கும் பழைய படங்கள் தவறென்று படித்திருந்ததால், வனஜா அவன் வாலைத் தூக்கிவிட்டாள். ஆனால் கொலுப் பொம்மை வருகிறவர்களைப் பார்த்து நிற்க வேண்டும், படியோ குறுகல். வாலில் பாதியை வெட்டினாள்.

3

ஜெகதாம்பாள் குங்குமம் எடுக்கும்போது ராஜா விழுந்தான்.

கொலு முடியும் இரவில்தான் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். அன்று மூன்றாம் நாள்.

“இன்னா வனஜா, அதுக்குள்ள முடிச்சிட்டியா?” என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். “அப்ப சுண்டல் அவ்ளோதானா?”

எல்லோரும் சிரித்தார்கள். வனஜா சமையலறைக்கு ஓடி...

(நான்கு பக்கம் அழுதாள். கிழித்துவிட்டேன்.)

4

வனஜா ஓடவில்லை, மிச்சமிருந்த களிமண்ணை எடுத்தாள். கை வேலையில் இறங்கியதும் கூச்சம் வழிவிட்டது.

“தலை கனம்க்கா. அதுக்கு ஈடு வால்தான். நான் வெட்டிட்டேன்.”

வாலை நீட்டி, வழக்கத்தை மீறி ராஜாவைப் பக்கவாட்டில் திருப்பினாள். நின்றான்.

ஸ்டெகோசாரஸோடு சண்டை போடுவானா என்று பஞ்சவர்ணம் கேட்டாள். இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை, நடுவில் எட்டுக் கோடி ஆண்டுக்கு மேல், ராஜாவின் காலத்துக்கு அதைவிட நாம்தான் கிட்டே என்றாள் வனஜா. ராஜாவுக்குச் சொந்தமென்றால் கோழி.

“அப்ப ஞாயித்துக்கெழமையானா ராஜா வம்சத்தையா துன்னுகினு கீறோம்?”

ஜெகதாம்பாள் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ராஜாவுக்குக் கை ஏம்மா இவ்ளோ சின்னது?”

“தெரியாது மேடம்.” வனஜாவின் குரல் நடுங்கவில்லை. “இன்னும் யாருக்கும் சரியா தெரியாது.”

கிளம்ப எழுந்த ஜெகதாம்பாள் மறுபடி பாயில் உட்கார்ந்தார்.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வேலை கிடைக்கிறது. மற்றொன்றில் ஜெகதாம்பாள் இன்னும் கொஞ்சம் சுண்டல் கேட்கிறார். இரண்டிலும் வனஜா பேசிக்கொண்டே இருக்கிறாள்.

முடிக்க வேண்டுமென்றால் ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். ராஜா இப்போதுதான் நிற்கிறான். எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் படுக்க வைப்பதானால், வால் இன்னும் ஈரம். பார்த்து.