பதினோராவது யோசனை

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாமல் மடிக்கணினியைத் திறந்து, தராசுக்காரர் தன் பன்னிரண்டாவது யோசனையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற அரசாங்க உத்தியோகம் அவருக்கு. எடையில் ஏமாற்றுகிறவர்களை இருபத்தெட்டு வருடமாகப் பிடித்துப் பிடித்து, முள் சரியாக நின்றாலே சந்தேகப்படுகிற நிலைக்கு வந்திருந்தார். இணையத்தில் அவர் சேர்ந்திருந்த சதுரங்க மன்றத்திலும் அவர் பெயர் 'தராசுமுள்' தான். மன்றம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நானூறு பேர், எல்லாரும் புனைபெயரில், ஆடின ஆட்டங்களை அலசுவார்கள், அடித்துக்கொள்வார்கள், மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல வணக்கம் சொல்வார்கள். அதை நடத்துகிற மருந்துக்கடைக்காரர் போன மாதம், 'மன்றத்தை மேம்படுத்த யோசனை சொல்லுங்கள்' என்று ஒரு பக்கம் திறந்துவைத்தார். நம் ஆளைப் பற்றித் தெரியாமல் திறந்துவிட்டார், பாவம்.

எழுத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். பலகைப் படம் போடுகிறவர்கள் அடுத்து யார் நகர்த்த வேண்டும் என்று சொல்லியாக வேண்டும் என்றார். தோற்றவர்கள் தலைவலியைக் காரணம் காட்டக் கூடாது என்றுகூட ஒரு யோசனை. எல்லாவற்றுக்கும் மருந்துக்கடைக்காரர் "நன்றி, பரிசீலிக்கிறோம்" என்று மாத்திரை கொடுப்பதுபோல ஒரே பதில் கொடுத்துவந்தார். பதினோராவதுதான் எடுபட்டது. கணினியைக் கேட்டு ஆடுகிறவர் என்று மூன்று மூத்த உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டால் அந்த ஆளை அன்றே நீக்க வேண்டும். இதுவரை எழுதியதையெல்லாம் ஒரு சொல் மிஞ்சாமல் அழிக்க வேண்டும். நகல்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. மன்றமே கைதட்டியது.

அந்த விதியில் முதலில் மாட்டியது 'ஓரச்சிப்பாய்' என்ற உறுப்பினர். இரண்டு வருடமாக "ஐயா, ஐயா" என்று சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்த ஆள். போன புதன்கிழமை முதல்முறையாக இவரோடு ஆடி, முப்பத்தொரு நகர்த்தலில் இவரைச் சுருட்டி ஓரமாக வைத்தது. இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தார். முப்பத்தொன்றில் இருபத்தொன்பது கணினி சொன்ன நகர்த்தல்கள். 'இவ்வளவு சரியாக ஒரு மனிதரால் ஆட முடியாது' என்று எழுதினார். மற்ற இரண்டு மூத்தவர்களும் ஆமாம் போட்டார்கள். ஓரச்சிப்பாய் ஒரே வரிதான் எழுதியது: 'ஐயா, நானேதான் ஆடினேன்.' கள்ளத்தராசு வைத்திருந்த எல்லாக் கடைக்காரர்களும் அவரிடம் அப்படித்தான் ஏதாவது சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நீக்கம் முடிந்தது.

பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்த மனைவி உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொடியிலிருந்து எடுத்த துண்டு ஒன்று கையில் இருந்தது. அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஓரச்சிப்பாய்னு யாரையாவது நீக்கிட்டீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவள் வாயிலிருந்து சதுரங்கத்தைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதானா, வேற யாராவதா? அத மட்டும் சொல்லுங்க."

"நான்தான் கண்டுபிடிச்சேன். அப்பட்டமான ஏமாத்து வேலை."

"அது நம்ம பொண்ணுதாங்க."

ஆறு வருடத்துக்கு முன்னால் கல்லூரியில் ஒரு தேர்வில் மகள் எல்லாரையும்விட அதிக மதிப்பெண் வாங்கினாள். பார்த்து எழுதியிருக்கிறாள் என்று துறைத்தலைவர் பெற்றோரை வரவழைத்தார். அந்த அறையில் அவள் துறைத்தலைவரைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நானேதான் எழுதினேன்." தராசுக்காரர் விடைத்தாளைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு சரியா நீ எப்படிம்மா எழுதியிருக்க முடியும்?" என்று கேட்டார். அந்த மாதமே அவள் வீட்டைவிட்டுப் போனாள். விசாரணையில் அவள்மேல் தவறில்லை என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோது, வேறு ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அம்மாவோடு மட்டும் பேசுவாள். 'வந்தால் கதவு திறந்துதானே இருக்கிறது' என்று அவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடிதம் அலமாரியில் எடைக்கற்கள் வைக்கிற பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

"ரெண்டு வருஷமா உங்ககூட அதுல பேசிட்டிருந்தா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. ஒரு ஆட்டம் ஜெயிச்சா, யாரு நீங்கன்னு அப்பா தானா கேப்பாரு, அப்பச் சொல்லிக்கறேன்னா."

சின்ன வயதில் அவள் எடுத்தவுடன் ஓரத்துச் சிப்பாயைத்தான் நகர்த்துவாள். எத்தனை முறை திட்டியிருப்பார்! பெயரிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். இவ்வளவு தெரிந்தும் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆனா அந்த ஆட்டம்... முப்பத்தொண்ணுல இருபத்தொம்பது..."

மனைவி துண்டை மேசைமேல் போட்டாள்.

"நானும் கேட்டேன். 'அப்பா எங்க அவசரப்படுவாரு, எங்க ஏமாறுவாருன்னு எனக்குத் தெரியாதாம்மா'ன்னா. நீங்க போட்ட ஒவ்வொரு ஆட்டத்தையும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சிருக்கா."

"போனைப் போடு. நான் பேசறேன்."

போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மூன்றாவது முறை அடிக்கவே இல்லை.

அவர் மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார். அங்கே யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, அந்த ஓரச்சிப்பாய் விஷயம். தப்பு என்னுதுதான். எழுதினதெல்லாம் இருந்த மாதிரியே திரும்பக் கொண்டுவரணும்."

"எப்படி சார் முடியும்? நகல்கூட வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க. சுத்தமா அழிச்சிட்டேன். சும்மா சொல்லக் கூடாது சார், உங்க யோசனை நல்லாவே வேலை செய்யுது." அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

தராசுக்காரர் மன்றத்தின் பழைய பக்கங்களைத் திறந்தார். மகள் எழுதிய இடங்களில் எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்குள் 'இந்தப் பதிவு நீக்கப்பட்டது' என்று ஒரே வாசகம். இவர் எழுதிய பதில்கள் மட்டும் அப்படியே இருந்தன. தானே தனக்குள் பேசிக்கொண்டு தெருவில் போகிற ஆளைப்போல. மனைவி எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

சாம்பல் பட்டை. 'இல்லை, இந்த வாரம் கால்வலி பரவாயில்லை. விசாரித்ததற்கு நன்றி.'

சாம்பல் பட்டை. 'ஒரு மகள். தூரத்தில் இருக்கிறாள்.'

சாம்பல் பட்டை. 'ஆடுவாள். உண்மையைச் சொன்னால் என்னைவிட நன்றாக ஆடுவாள். அவளிடம் சொன்னதில்லை.'

அடுத்த பட்டை மற்றவற்றைவிட உயரமாக இருந்தது. நிறைய எழுதியிருக்க வேண்டும். அதன் கீழே, போன வருடத்துத் தேதியில், அவருடைய பதில்: 'நீங்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள். நம்புகிறேன்.'

மனைவி அந்த வரியைத் திரும்பப் படித்தாள்.

"என்ன சொல்லியிருந்தா? நம்புறேன்னு எழுதியிருக்கீங்களே, அவ என்னங்க சொல்லியிருந்தா?"

அவர் யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். தன்னுடைய ஆட்டமென்றால் பத்து வருடத்துக்கு முந்தையதைக்கூட நகர்த்தல் நகர்த்தலாகச் சொல்லுவார். இதில் ஒரு சொல்கூட வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அந்தச் சாம்பல் பட்டையைக் கட்டைவிரலால் துடைத்தார். தூசியாக இருந்தால் போய்விடும் என்பதுபோல இன்னொரு முறையும் துடைத்தார்.