முகப்புச் சுவர்

பேரூராட்சிச் செயல் அலுவலர் என்றால் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற உத்தியோகம் என்று நினைப்பவர்கள், ஒரு நாள் மேலச்செம்மனூருக்கு வந்து நீலாயதாட்சியின் பின்னால் நடந்து பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரவில்லையா, கூப்பிடு அந்த அம்மாவை. தெருநாய் கடித்துவிட்டதா, கூப்பிடு அந்த அம்மாவை. சாக்கடை அடைத்தாலும் சுடுகாட்டுப் பாதையில் முள் மண்டினாலும் அந்த ஒரு தலைதான் உருளும். சொந்த ஊர் நாகப்பட்டினம். காரைக்குடிப் பக்கம் மாற்றலாகி வந்து அவளுக்கு இதுதான் முதல் மழைக்காலம்.

அந்த ஐப்பசியில் மழை விட்டேனா பார் என்று பிடித்துக்கொண்டது. பெரிய தெருவில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த செட்டியார் வீடு ஒன்றின் முகப்புச் சுவர் தெருப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. அதன் அடியில்தான் லத்தீபா தள்ளுவண்டியில் ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லாதவள். ஒரே மகள் சப்ரின் கல்லூரியில் படித்தாள்.

வீட்டுக்குப் பங்காளிகள் ஏகப்பட்ட பேர். ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு பூட்டு. சென்னையில் இருந்த மூத்த பங்காளி ஏகப்பனிடம் நீலாயதாட்சி போனில் பேசினாள். தை மாதம் முன்னோருக்குப் படைப்பு வைக்க எல்லோரும் ஊருக்கு வருவோம், அதுவரை யாரும் சுவரில் கை வைக்கக் கூடாது, வைத்தால் கோர்ட்டுக்குப் போவோம் என்று அவர் பதமாகத்தான் சொன்னார். இடித்துவிடலாமா என்று மாவட்டத்தில் இருந்த தன் மேலதிகாரியான உதவி இயக்குநரைக் கேட்டாள். முதலில் நோட்டீஸ் ஒட்டுங்கள், தடுப்பு வையுங்கள், அவசரப்பட வேண்டாம் என்றார் அவர். சுவருக்குத்தான் இதெல்லாம் தெரியாதே! இடிக்கத்தான் விடவில்லை, அடியில் இருக்கிற உயிரையாவது காப்பாற்றுவோம் என்று நீலாயதாட்சி கிளம்பினாள்.

லத்தீபா இடத்தை விட்டு அசையமாட்டேன் என்றாள்.

"இந்த எடத்த விட்டா யாவாரம் படுத்துரும் மேடம். சுவரு விழுந்தா ஒரு நா சாவு. பட்டினி கெடந்தா தெனமும் சாவுல்ல."

சட்டத்தைச் சொல்லி மிரட்டியிருக்கலாம். நீலாயதாட்சிக்கு அது வரவில்லை. மகள் படித்து முடிப்பதை நீங்கள் பார்க்க வேண்டாமா அக்கா என்று கேட்டு, அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். வண்டியின் ஒரு கைப்பிடியைத் தானே பிடித்தாள், மறுபக்கத்தைத் துப்புரவு மேற்பார்வையாளர் லட்சுமணன் பிடித்தார். சந்து வழியாகப் பின்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ஜன்னலே இல்லாத நீண்ட சுவர் ஒன்று நிமிர்ந்து நின்றது. ஒரு விரிசல் கிடையாது. அதன் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, இனி நிம்மதி என்றாள் நீலாயதாட்சி.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடியும். இந்தப் பக்கத்துப் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நாகப்பட்டினத்துக்காரிக்குத் தெரியவில்லை. லட்சுமணனுக்குத் தெரியும். பின்கட்டுத்தான் கல்லுமாதிரி இருக்கிறதே, மேடமே வண்டி தள்ளும்போது நாம் என்ன குறுக்கே பேசுவது என்று இருந்துவிட்டார். தெரிந்தவர் வாயைத் திறக்கவில்லை, தெரியாதவள் கேட்கவில்லை. நம் ஊர் நிர்வாகத்தில் பாதி இப்படித்தான் நடக்கிறது, போங்கள்.

பெரிய தெருவை அடைத்துக் கயிறு கட்டினார்கள். டவுன் பஸ்ஸும் புதுவயல் ஆலைக்குப் போகிற நெல் லாரிகளும் பின்தெரு வழியாகத் திரும்பின. லத்தீபாவுக்கு யாவாரம் சூடு பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. பூட்டிய வீட்டின் முற்றத்தில் நீர் போகிற தூம்பு அடைத்துக்கொண்டு, பெய்த மழையெல்லாம் பின்கட்டில் குளமாகத் தேங்கிச் சுவரின் காலை ஊறவைத்துக்கொண்டிருந்தது.

மழை கொஞ்சம் வெறித்த ஒரு காலையில், குடிநீர் மோட்டார் எரிந்துபோன இடத்தில் நின்றிருந்த நீலாயதாட்சிக்குப் போன் வந்தது. சுவர் விழுந்துவிட்டது என்றார்கள். அடித்துப் பிடித்துப் பெரிய தெருவுக்கு ஓடினாள். முகப்புச் சுவர் சாய்ந்தபடி அப்படியே நின்றது. கயிறும் கட்டியது கட்டியபடி இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அப்போதுதான் வீட்டுக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

சந்து வழியாக ஓடிப்போய்ப் பார்த்தால், நெல் லாரி ஒன்று நடுத்தெருவில் நின்றது. அது கடந்துபோன அதிர்வில் பின்சுவர் மொத்தமாகப் படுத்துவிட்டதாம். லட்சுமணன் கையாலேயே செங்கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதே வீடுதான் மேடம். பின்கட்டு. நான் சொல்லிருக்கணும்."

லத்தீபாவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

உதவி இயக்குநர் போனில் வந்தார். அனுமதியில்லாமல் ஆக்கிரமித்துக் கடை போட்டிருந்தாள் என்று அறிக்கை அனுப்புங்கள், நீங்களும் பிழைப்பீர்கள் நானும் பிழைப்பேன் என்றார். 

"நான்தான் சார் அவங்கள இங்க கொண்டாந்து வச்சேன். அப்படித்தான் எழுதுவேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

கல்லூரிப் பையைத் தோளிலிருந்து கழற்றாமல் சப்ரின் வந்து நின்றாள். வெள்ளைத் துணி மூடிக் கிடந்த தாயைப் பார்த்தாள். ஊரார் வாயிலிருந்து கேட்பதைவிட என் வாயிலிருந்தே கேட்கட்டும் என்று நீலாயதாட்சி கிட்டே போனாள். அறைந்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள்.

"உங்கம்மா வரமாட்டேன்னுதாம்மா சொன்னாங்க. நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"தெரியும் மேடம்" என்றாள் சப்ரின். "நேத்துக்கூட அம்மா உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு. புது எடத்துல யாவாரம் நல்லாருக்கு, அந்த மேடம் மட்டும் இல்லாட்டி அந்தச் சுவருக்குக் கீழேயே செத்திருப்பேன்னு சொல்லுச்சு. உங்களுக்காக அல்லாகிட்ட துஆ செய்யச் சொல்லி என்னையும் பக்கத்துல உக்கார வச்சுச்சு. நானும் செஞ்சேன்."

அவள் திட்டியிருந்தால் நீலாயதாட்சி தாங்கியிருப்பாள். அந்தச் செங்கல் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.